மூன்று வலது கால்கள்

வந்திருந்தவர்கள்: பொன்னுத்துரை, யன்னலோரக் கதிரையில். றெஜினா, வாங்கின் இந்த முனையில். தவமலர், அந்த முனையில், கதவைப் பார்த்தபடி. மேசைக்குப் பின்னால் அவர், ஊராருக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவர்.

மேசைமேல் பெட்டி.

பெட்டிக்குள் மூன்று செயற்கைக் கால்கள்.

மூன்றும் வலது.

வந்திருந்த மூன்று பேருக்கும் இல்லாதது இடது கால்.

பெட்டியின் மூடியில் மூன்று கொடிகள் ஒட்டியிருந்தன. பணம் கொடுத்தது ஒரு நாடு. கால் செய்தது ஒரு நாடு. கப்பலில் ஏற்றி அனுப்பியது இன்னொன்று.

அவர் கோப்பைத் திறந்து படிவத்தின் பிரதியை எடுத்தார்.

படிவத்தில் ஒரு மனித உருவம், வெறும் கோட்டுப்படம். இல்லாத காலைக் கறுப்பாக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று பேரையும் ஒவ்வொருவராக எதிரில் இருத்தி, எதிரில் தெரிந்தபடியே கறுப்பாக்கியிருந்தார். கோட்டுக்கு வெளியே ஒரு பொட்டு மை போகவில்லை.

படத்துக்குக் கண் இல்லை. மூக்கு இல்லை. அன்றைக்கு அதை அவர் யோசிக்கவில்லை.

இன்று பார்த்தால் குதிக்கால் தெரிகிறது.

அது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் கறுப்பாக்கியது அதன் வலது கால்.

"பிழை என்ர," என்றார்.

பொன்னுத்துரை ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்து, பூசணிக்காய் பார்ப்பதுபோலத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல சாமான்தான். இனி நாங்கள் போய் மற்றக் காலையும் ஒருக்கா மிதிவெடியில வைச்சிட்டு வந்தால் சரி."

றெஜினா சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்குத் தையல் ஆலையில் வேலை சொல்லியிருந்தார்கள். நின்று செய்கிற வேலை. முப்பதாம் திகதிக்குள் போய் இரண்டு காலில் நின்று காட்ட வேண்டும்.

இன்று பத்தொன்பது.

அடுத்த பெட்டி அடுத்த ஆவணியில். அதுவும் மூன்று நாடும் கையெழுத்து வைத்தால்.

பெட்டியின் அடியில் விநியோகப் பட்டியல் கிடந்தது. இரண்டே வரி. முதல் வரியில் இந்த ஊர். இரண்டாவதில், தெற்கே, கால் இழந்த படையினர் தங்கியிருக்கும் விடுதி ஒன்று.

அந்த விடுதிக்கு நான்கு கால்கள் போயிருந்தன.

நான்கும் இடது.

அவர் அந்த வரியில் விரலை வைத்தார். அங்கேயும் இதே படம்தான் போயிருக்கும். அங்கேயும் ஒருவர், மேசைக்குப் பின்னால் இருந்து, எதிரில் தெரிந்தபடி கறுப்பாக்கியிருப்பார்.

வாசித்துக் காட்டினார்.

"ஆமிக்காரரிட்டயோ?" என்றாள் தவமலர். "செல்குண்டு அடிச்சவையிட்டப் போய்க் கால் கேக்கிறதோ?"

"கேக்கேல்லப் பிள்ளை," என்றார் பொன்னுத்துரை. "மாத்திறம்."

"காணாமல் போன என்ர இவருக்காக அவையளுக்குப் பதினொரு கடிதம் எழுதினியள். ஒண்டுக்குப் பதில் வந்ததோ?"

வரவில்லை.

தவமலர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

அவர் தாளை எடுத்தார். வலது மேல் மூலையில் திகதி. இடப்பக்கம் விலாசம். அது மட்டும் சிங்களத்தில் இருந்தது. வாசிக்கத் தெரியாது. பட்டியலைப் பார்த்து வளைவு வளைவாக வரைந்தார்.

பதினொரு கடிதத்திலும் "தயவுகூர்ந்து" என்றுதான் தொடங்கியிருந்தார். இதில் அந்தச் சொல்லை எழுதவில்லை. உங்களுக்கு வந்த கால்கள் மாறியிருந்தால், எங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கின்றன என்று எழுதினார். கீழே அதையே தெரிந்த ஆங்கிலத்தில் இன்னொரு தரம்.

அளவுகள்: ஒன்று, பொன்னுத்துரை. இரண்டு, றெஜினா. மூன்று என்று போட்டு வெறுமையாக விட்டார்.

இரண்டு பேர் கையெழுத்து வைத்தார்கள்.

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார்.

"பதினாலரை அங்குலம்," என்றாள் தவமலர். திரும்பவில்லை.

அவர் தாளை வெளியே எடுத்து எழுதினார்.

"கீழ இவரின்ர பேரையும் ஒருக்கா எழுதிவிடுங்கோவன்."

பேனா நின்றது.

ஒரு கடிதத்தில் ஒரு விடயம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். கால் மட்டும் என்றால் வாசிப்பார்கள். அந்தப் பெயரைக் கண்டால் தாளை அப்படியே மடித்து வைத்துவிடவும் கூடும். பதினொரு முறை மடித்து வைத்தவர்கள்தான்.

அவர் தவமலரைப் பார்க்கவில்லை. றெஜினாவைப் பார்த்தார்.

றெஜினா பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே தொங்கிய பாவாடையை ஒரு கையால் சுருட்டினாள். விட்டாள். மறுபடி சுருட்டினாள்.

வெளியே தபால் வானின் ஹோர்ன் கேட்டது. சந்தியில் அது ஐந்து நிமிடம் நிற்கும்.

"எழுதுங்கோ ஐயா," என்றாள் றெஜினா.

பெயர். வயது. கடைசியாகக் கண்ட இடம். கடைசியாகக் கண்ட திகதி. பார்க்காமலே எழுத வந்தது.

தவமலர் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு கையெழுத்து வைத்தாள்.

றெஜினா கையை நீட்டி உறையை வாங்கினாள். நாக்கால் ஈரப்படுத்தி, மூடி, ஓரத்தை நகத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

பிறகு அவரிடம் கொடுத்தாள்.

அவர் சந்திக்கு ஓடினார்.