குடுக்கலைன்னு ஒரு கையெழுத்து

“இருபத்து நாலாயிரம் ரூபாயைக் களவாண்டுட்டாய்ங்கம்மா! அதுவும் நோகாம, மாசம் ரெண்டாயிரம் ரெண்டாயிரமா!”

சத்தியமூர்த்தி போனில் போட்ட சத்தத்தில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

கம்பெனி சம்பளம் போக மாசாமாசம் படிக்காசு ஏற்றிவிடும் பிரீபெய்ட் கார்டு அது. வந்த நாளிலிருந்து அது இருப்பதென்னவோ மனைவி சிட்டாளிடம்தான். வருமான வரி ரீஃபண்டு நாலு மாசமாக வந்தபாடில்லை. மகள் அக்ஷராவுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டியாக வேண்டும். கார்டிலாவது ஏதாவது தேறுமா என்று பழைய கணக்கை எடுத்துப் பார்த்தார் மனுஷன். போன வருஷம் பூராவும், மாசம் தவறாமல், ‘சுடர் அறக்கட்டளை’ என்று ஒரு பெயர் நின்றது. இவர் கேள்விப்பட்டே இராத பெயர்.

“கார்டை வேற யார்கிட்டயாவது குடுத்திருக்கீங்களா சார்?” என்றாள் கார்டு கம்பெனிப் பெண்.

“எங்கிட்டதாம்மா இருக்கு” என்றார் கூசாமல். அடுத்தவர் கையில் கொடுத்திருந்தால் புகார் செல்லாது என்பது அவருக்குத் தெரியும்.

சிட்டாளிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த வீட்டில் ஆச்சி என்று அழைக்கப்படும் மனைவிமாரிடம் அடுப்படிக் கணக்குக் கேட்கிற வழக்கமே கிடையாது. பெற்ற அப்பச்சி கேட்டதில்லை, இவரும் கேட்க மாட்டார். தவிர, கால் கிலோ வெங்காயத்துக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவளா அறக்கட்டளைக்குக் கொடுக்கப் போகிறாள்? அதனால் மும்பையிலிருக்கும் கார்டு கம்பெனிக்கு எழுதினார்! எழுந்து நாலு எட்டு நடந்து அடுப்படியில் கேட்க மட்டும் வாய் வரவில்லை. என்னத்தைச் சொல்ல!

‘சுடர் அறக்கட்டளைக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பினார்.

இருபதாம் நாள் பணம் முழுசாகக் கார்டுக்குத் திரும்பியது. “விட்டுருவேனா நானு?” என்று ஆபீஸில் எல்லோருக்கும் வடை, காபி.

ரெண்டாம் நாள் வருமான வரியிலிருந்து மெயில் வந்தது. நன்கொடை கொடுத்ததற்கு ஆதாரம் தர வேண்டுமாம். அப்புறம்தான் ரீஃபண்டாம்.

நன்கொடையாவது ஒண்ணாவது! வரிக் கணக்கு எழுதும் சோமு, வருஷா வருஷம் ஏதோ ஒரு டிரஸ்ட் பெயரைப் போட்டு வரியைக் குறைப்பான். எந்த டிரஸ்ட் என்று இவர் கேட்டதுமில்லை, சல்லிக்காசு கொடுத்ததுமில்லை.

அடித்துப் பிடித்து சோமுவின் ஆபீஸுக்கு ஓடினார்.

“மாட்டிக்கிட்டோம் சோமு! ரசீதுக்கு நான் எங்குட்டுப் போவேன்?”

சோமு சிரித்தான். “ஏண்ணே பதறுறீக? ரசீது பன்னெண்டும் எங்கிட்ட இருக்கு. மத்த வருஷமெல்லாம் சும்மா எழுதுனது. இந்த வருஷந்தாண்ணே அத்தனையும் நெசம்.”

“நெசமா? யாரு குடுத்தா?”

“ஆச்சிதான் கொண்டாந்து குடுத்தாக. எல்லாம் ஒங்க பேர்ல, ஒங்க பான் நம்பரோட. நீங்க குடுத்து விட்டதுன்னுல்ல நெனச்சேன்?”

ஃபைலை நகர்த்தினான். முதல் ரசீதிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது: ‘சுடர் அறக்கட்டளை, நேமத்தான்பட்டி’.

சத்தியமூர்த்தி ரசீது பன்னெண்டையும் புரட்டிப் பார்த்தார். சிட்டாளா குடுத்தது? அப்படியானால் திருட்டே இல்லையா? திரும்பி வந்திருக்கிற பணம் யாருடையது? ஒரு இழவும் விளங்கவில்லை.

“என்னண்ணே முழிக்கிறீக? டிரஸ்டுக்கு ஒரு போனைப் போட்டு, பணம் வந்துச்சுன்னு லெட்டர் வாங்கிருங்க. சோலி முடிஞ்சுச்சு.”

போட்டார். டிரஸ்டில் ரேணுகா என்கிற பெண் எடுத்தாள். பெயரைச் சொல்லி லெட்டர் கேட்டார்.

“அந்த லெட்டர் தர முடியாதுங்கய்யா. குடுக்கவே இல்லைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீக. ரசீதையெல்லாம் ரத்துப் பண்ணியாச்சு. காது கேக்காத புள்ளைகளுக்கு மிஷின் வாங்க வச்சிருந்த காசை எடுத்துத்தான் ஒங்களுக்குத் திருப்புனோம்.”

ரீஃபண்டு போயே போச்சு. ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு அது உறைக்கவில்லை.

“எங்க வீட்டுல… அவ எதுக்கும்மா எம் பேர்ல கட்டுனா?”

“போன வருஷ ஆரம்பத்துல, எங்க டிரஸ்ட் பேரு போட்ட ஒங்க வரிக் காகிதத்தைத் தூக்கிக்கிட்டு ஆச்சி இங்க வந்தாகய்யா. ‘அவுக ஒங்களுக்கு நன்கொடை குடுக்குறாகளாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே’ன்னு மொகமெல்லாம் பூரிப்பு. புள்ளைகளுக்கு மிட்டாய் வேற வாங்கியாந்தாக. நாங்க நோட்டைப் பொரட்டிப் பாத்துட்டு, அப்படி ஒரு பேரே இல்லைன்னுட்டோம்.”

வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை.

“அதுக்கு என்ன சொன்னா?”

“‘அவுகளுக்கு மறதி ஜாஸ்தி. இனிமே மாசாமாசம் நானே கொண்டாந்து கட்டிர்றேன்’னாக.”

“அந்தப் பணத்தை இன்னைக்கே கொண்டாந்து கட்டிர்றேம்மா.”

“வேண்டாங்கய்யா, நாங்க சொன்னதும் நேத்தே ஆச்சி வந்து சொந்தக் காசுல முழுசாக் கட்டிட்டாக. கார்டு கம்பெனி அனுப்புன ஒங்க லெட்டரைக் காட்டுனேன். ரெண்டு வாட்டி படிச்சுட்டு, ‘நான் சொல்லலை? குடுத்ததையே மறந்துட்டாக, பாருங்க. ரசீதை அவுக பேர்லயே போடுங்க’ன்னு சொல்லிட்டுப் போனாகய்யா.”