நாடிச் சாட்சி

"நான் பொய் சொன்னேன்னு எழுதி, காப்பீட்டுப் பணம் தர மறுத்துட்டாங்க சித்தப்பா. 'நோய் எதுவும் இல்லை'ன்னு சொன்னப்ப என் நாடி நூத்தி இருபதுக்கு ஏறியிருக்காம்."

போனில் சித்தப்பா இருமினார். அவர்தான் சுகந்தி குடும்பத்தின் பயணக் காப்பீட்டு முகவர். சுற்றுலா போன இடத்தில், பினாங்கு மருத்துவமனை ஒன்றில் அவள் அப்பா நினைவின்றிக் கிடந்தார். காப்பீடு உறுதியானால்தான் அறுவை சிகிச்சை. பாலிசிக்கு இப்போதெல்லாம் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. மணிக்கட்டில் நாடியைப் பதிவுசெய்யும் பட்டையைக் கட்டிக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும்; முகவரும் ஒன்றைக் கட்டியிருக்க வேண்டும்.

"அப்பாவோட இதயக் கோளாறைச் சொல்லட்டுமான்னு கேட்டேன். மாத்திரையில அடங்கியிருந்தா அது நோயே இல்லைன்னு சொன்னது நீங்கதானே?"

"நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன். நீ கொஞ்சம் நிதானமா மூச்சு விட்டிருக்கலாம்ல?"

தன் உடம்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்றுதான் காலையிலிருந்து அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பாலிசி எடுத்த நாள் தெளிவாக நினைவுக்கு வந்தது. அந்த யோசனையைச் சொல்வதற்கு முன், வியர்க்கிறது என்று சொல்லிச் சித்தப்பா தன் பட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மேல்முறையீட்டுக்கு நாளைக்குத்தான் கடைசி நாள் சித்தப்பா. அங்க கிடக்கிறது உங்க அண்ணன். பட்டையைக் கட்டிக்கிட்டு, 'அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்'னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க."