அஞ்சல் எண் 63740

மதியம் இரண்டு மணிக்குள் அந்தப் பழைய வரி எண்ணை மூடியாக வேண்டும் என்று யதீரா மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

ஒத்தீலியா தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, அன்று காலை வந்திருந்த கோப்பைக் கணினியில் திறந்தாள்.

உருவாப்பான் என்ற ஊரில் அவகாடோ பழத்துக்கு மரப்பெட்டி அடிக்கும் சின்னப் பட்டறை ஒத்தீலியாவுடையது. யதீரா அவளுடைய கணக்காளர். பட்டறையின் பழைய வரி எண் ஒத்தீலியாவின் கணவன் எவோதியோவின் பெயரில் இருந்தது.

எட்டு மாதமாக எவோதியோ வீட்டில் இல்லை.

ஆனால் அவன் ஓட்டிய லாரி எந்த ஊரில் டீசல் போட்டாலும், அவன் பெயருக்கு ஒரு பில் பட்டறையின் மின்னஞ்சலில் வந்து விழும்.

ஒவ்வொரு பில்லும் இரண்டு கோப்பாக வரும். ஒன்று பிடிஎஃப், பார்க்க லட்சணமாக இருக்கும். அதை அவள் சீண்டுவதே இல்லை. மற்றது எக்ஸ்எம்எல். வரித்துறைக்கு அதுதான் பில், லட்சணமானது வெறும் படம்.

எக்ஸ்எம்எல்லில் திறக்கும் குறி, மூடும் குறி, இரண்டுக்கும் நடுவே விவரங்கள். பெயர். தேதி. நொடி வரை நேரம். எத்தனை லிட்டர். பில் போட்ட இடத்தின் அஞ்சல் எண்.

அந்த ஐந்து இலக்கம் போதும் அவளுக்கு.

44100 என்று வந்தால் குவாதலஹாரா. கண்ணை மூடினால் புகைக்கு நடுவே லாரி ஊர்ந்து போகும். 27000 வந்த அன்று தொர்ரெயோன் பக்கத்துப் பொட்டல் வெளியில் அந்த லாரி மட்டும் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் இவள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். எவோதியோ எதுவும் பேசவில்லை. வண்டி ஓட்டும்போது அவன் என்றைக்குத்தான் பேசினான்?

வெளியே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

யதீரா வழக்கமான மரியாதையோடு அழைத்தாள்: "தோன்யா ஒத்தீலியா, என்னைப் பாருங்க. வியாபாரம் உங்க பேருக்கு மாறியாச்சு. பழைய எண்ணை மூட இன்னிக்குத்தான் கடைசி நாள். அந்த ஒத்தக் காகிதத்தைக் குடுங்க, வரித்துறை தளத்துல ஏத்திவிட்டுட்டுப் போறேன்."

"மூடினா?"

"அப்புறம் எந்த பம்புலயும் அந்தப் பேர்ல பில் போட முடியாது. மெஷினே வாங்காது."

காகிதம் மேசை இழுப்பறையில் இருந்தது. அது இருவருக்கும் தெரியும்.

காலை வந்த கோப்பில் அஞ்சல் எண் 63000. தெபிக். எவோதியோ இருபத்திரண்டு வருஷம் சரக்கு இறக்கிய ஊர். அங்கிருந்து கடல் ஒரு மணி நேரம்தான். அடுத்த தடவை போய்க் காலை நனைத்துவிட்டு வருகிறேன் என்பான். அதற்குள் அடுத்த பெட்டிச் சரக்கை ஏற்ற வரச் சொல்லி இங்கிருந்து அழைப்பு போய்விடும். அழைத்ததெல்லாம் இவள்தான். ஒரு தடவைகூட அவன் கடல் வரை போனதில்லை.

அவள் போனை எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"தெபிக்ல. சரக்கு இறக்கியாச்சு, திரும்பணும். ஏன் தோன்யா, காலைல போட்ட பில் வரலையா?"

இளசான குரல். எவோதியோவுடையது அல்ல.

"வந்துச்சு, ரெய்னால்டோ."

ரெய்னால்டோ அவளிடமிருந்து லாரியை விலைக்கு வாங்கியவன். வாங்கிய அன்று, ஓட்டுநர் தலைக்கு மேல் வெயில் மறைப்பில் செருகியிருந்த எவோதியோவின் வரி எண் அட்டையை அவன் எடுத்து நீட்டினான். அது அங்கேயே இருக்கட்டும், டீசல் போடும்போதெல்லாம் காட்டு என்று அவள்தான் சொன்னாள். பில் வாங்கியே பழக்கமில்லாத மனிதன், கேட்கிறாளே என்று மறுபேச்சில்லாமல் காட்டி வந்தான்.

எவோதியோ பெயருக்கு பில் வருவது ஏதோ பம்புக்காரர்களின் தவறு என்றே இத்தனை நாள் நினைத்திருந்த யதீரா, நாற்காலியைத் திருப்பி ஒத்தீலியாவைப் பார்த்தாள்.

"சான் பிளாஸ் வரைக்கும் போவியா? கடலோரமா ஒரு பம்பு இருக்குமே."

"இப்பதானே தோன்யா டேங்கை ரொப்பினேன்!"

"அஞ்சு லிட்டர் போடு. அட்டையைக் காட்டு. அப்புறம் அதைக் கழட்டிப் பத்திரமா வை."

அந்தப் பக்கம் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

"சரி," என்றான் ரெய்னால்டோ.

யதீரா கிளம்பவில்லை. தட்டில் ஆறிப்போயிருந்த, மக்காச்சோள மாவில் அவித்த கொருந்தாவைப் பிட்டு ஒத்தீலியா பக்கம் நகர்த்தினாள். இருவரும் திரையைப் பார்த்தபடி தின்றார்கள். ஆணிச் சத்தம் சாப்பாட்டு வேளைக்கு நின்றது.

ஒன்று நாற்பதுக்குக் கோப்பு வந்தது.

ஐந்து லிட்டர். 63740. கடலோரத்து எண். பெயர் இருக்கவேண்டிய இடத்தில், முழுசாக, பெரிய எழுத்தில், எவோதியோ.

ஒத்தீலியா அதை இரண்டு தடவை படித்தாள். சந்தோஷமாக இருந்தது. இப்படிச் சந்தோஷமாக இருந்து எட்டு மாதம் ஆகிறது.

பிறகு இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தாள். பதிவு அலுவலகத்தில் ஒட்டிக் கொடுத்தது ஒட்டியபடியே இருந்தது. யதீரா ஓரத்தைக் கிழித்தாள்.

அந்தக் காகிதத்திலும் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பெயர், தேதி, நேரம், ஊர். மேலே கொட்டை எழுத்தில், இறப்புச் சான்றிதழ்.

யதீரா அதை ஸ்கேன் செய்து, பட்டனுக்கு மேல் விரலை வைத்தாள்.

"ஏத்தவா, தோன்யா?"

ஒத்தீலியா கண்களை மூடியிருந்தாள்.

"கொஞ்சம் இரு. அவரு காலை நனைச்சுட்டு வந்துரட்டும்."