முறைக்க ஓர் ஆள்

கரகரவென்று ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் கண்ணாடித் தொட்டியின் சுவரில் பாசி தின்றுகொண்டிருந்த நத்தை, ஃபைட்டர் மீனின் கண்ணில் பட்டது.

"நத்தையண்ணே, அவன் இன்னைக்கும் வரலையா?"

"எவன்?"

"என்னை மாதிரியே சிவப்பா ஒருத்தன். சாயங்காலமானா அந்தப் பக்கம் வந்து நின்னு துடுப்பை விரிச்சு முறைப்பானே!"

நத்தைக்கு விஷயம் தெரியும். மீன் துடுப்பை விரிக்கட்டும் என்று வீட்டுக்காரர்தான் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டியோரம் வைத்துவந்தார். மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் வந்து, "கண்ணாடி காட்டாதப்பா, அதுக்கு டென்ஷன். ஃபைட்டர் தனியா இருந்தாத்தான் நிம்மதி" என்று சொன்னதிலிருந்து கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டது.

"அவன் உன் எதிரிதானே? தொலைஞ்சான்னு விடேன்."

"எதிரிதான். ஆனா என்னைப் பார்க்கன்னு வேற யாரு இருக்கா?"

நான் ஒருத்தன் இங்கேயேதானே இருக்கேன் என்று சொல்லவந்ததை நத்தை விழுங்கிக்கொண்டது.

வெளியே இருட்டியது. தொட்டி விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் சுத்தமான தொட்டிச் சுவரே கொஞ்சம் முகம் காட்டும். ஆனால் அந்தப் பக்கச் சுவர் முழுக்கப் பாசி.

"வருவான், இரு" என்றது நத்தை. மெல்ல அந்தச் சுவருக்கு ஊர்ந்துபோய் மறுபடி சுரண்ட ஆரம்பித்தது.