கப்பலில் வந்த ஆறு பேர்

“அந்த ஜப்பான்காரருக்கு இன்னொரு துண்டு வை. மனுஷன் நாலாவதா முழுங்கறார்!” என்றான் எனோக்.

அவன் மனைவி பனீராக் தட்டை நீட்டினாள். திமிங்கலத் தோலும் கொழுப்புமாக மத்தாக் துண்டுகள். கப்பலிலிருந்து வந்த ஆறு பேரில் ஐந்து பேர் ஆளுக்கொரு துண்டை வாயில் போட்டுவிட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணில் நீர் முட்ட மென்றுகொண்டிருந்தார்கள். ஜப்பான்காரர் மட்டும் பாக்கெட்டிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, தோலில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, லபக்கென்று உள்ளே தள்ளினார்.

“எப்படிக் கீறுறார் பாரு!”

“அவங்க ஊர்லயும் திமிங்கலம் தின்பாங்கய்யா. நீ உன் பேன்ட்ட இழுத்து விடு.”

எனோக் இழுத்து விட்டுக்கொண்டான். ஆகஸ்ட் வெயிலில், ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள், பயணிகளிடம் வேட்டைக்காரனாகக் காட்டிக்கொள்ள, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய வெள்ளைக்கரடித் தோல் கால்சட்டை. வியர்த்து ஊற்றியது. அவன் வாழ்நாளில் பிடித்ததெல்லாம் ஹாலிபட் மீன்தான். கரடி வந்தால், கிரீன்லாந்தின் வடக்கே இருக்கும் இந்தக் குல்லோர்சுவாக் கிராமத்தில் முதலில் கதவைச் சாத்துகிறவன் அவன்தான்.

கப்பல் வரும்போதெல்லாம் ஊரில் யாராவது ஒரு வீட்டில் பயணிகளுக்குக் காபி விருந்து; கப்பல்காரர்கள் அதற்குக் காசு கொடுப்பார்கள். இந்த முறை பனீராக் சண்டை போட்டு வாங்கியிருந்தாள்.

காரணம், தலைநகர் நூக்கில் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பப்போகும் மகன் அக்கலூக். அந்த ஊர்ப் பெண் நீவியைக் கட்டிக்கொண்டுதான் திரும்புவேன் என்கிறான். ‘உலகத்தோட ஓரத்துல இருக்கிற ஊருக்கு என் பொண்ணக் குடுக்கமாட்டேன்’ என்றுவிட்டார் பெண்ணின் அப்பா. அவர் முகத்தைக்கூட இவர்கள் பார்த்ததில்லை. மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை. நேரில் போய்ப் பேச ஒரு ஹெலிகாப்டர், இரண்டு விமானம் மாற வேண்டும். இந்தக் காபிதான் அதற்கு டிக்கெட்.

“போயி என்ன பேசப்போற? வாயத் தொறந்ததும் உளறுவ,” என்றான் எனோக்.

“நானா? கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகையே பாத்துட்டேன்.”

“கண்ணாடி என்னத்தக் கண்டுச்சு? இந்த ஜப்பான்காரரையே சம்பந்தியா நெனச்சுப் பேசு, பாப்போம். நம்ம பாஷ இங்க யாருக்குப் புரியப்போகுது?”

பனீராக்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜப்பான்காரரின் கோப்பையில் காபியை நிரப்பிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“வணக்கம் சம்பந்தி!”

ஜப்பான்காரர் பணிவாகத் தலையைக் குனிந்தார்.

“ஒங்க மூஞ்சி கருவாடு மாதிரி இருக்கும்னு ஒங்க பொண்ணு சொல்லல. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்.”

எனோக்குக்குக் காபி புரையேறியது. “அடியே, இதச் சொல்லவா ஹெலிகாப்டர்ல போற?”

“சரி, சரி. சம்பந்தி, எம் பையன்கிட்ட சொந்தப் படகு இருக்கு...”

“மோட்டார் இல்லன்னு சொல்லிடாத!”

“மோட்டார் இல்ல. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? நல்லா சூப் வைப்பான். கொஞ்சம் அடிப்பிடிக்கும்.”

பயணிகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அவர்களைக் கூட்டி வந்த டேனிஷ் வழிகாட்டிப் பெண் சிக்னேவுக்கு ஆவல் தாங்கவில்லை. “என்னம்மா சொல்றீங்க?”

“என் வீட்டுக்காரர் கரடி அடிச்ச கதை,” என்றாள் பனீராக், கண் இமைக்காமல், டேனிஷில்.

சிக்னே அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஐந்து கேமராக்கள் எனோக் பக்கம் திரும்பின. அவன் நெஞ்சை நிமிர்த்தினான். கால்சட்டை நழுவியது.

பனீராக் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜப்பான்காரர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார்; புரியவும் புரியாது. அது அவளுக்கு வசதியாக இருந்தது.

“ஒங்க பயம் ஞாயந்தான் சம்பந்தி. இங்க கடையில தக்காளிய பாத்தே மாசக்கணக்காகுது. ஹெலிகாப்டர் நெனச்சா வரும், இல்லன்னா வராது. ஆனா ஈஸ்டருக்கு ஒங்க பொண்ணு இங்க வந்தா. நாய் வண்டிய நாந்தான் ஓட்டுவேன்னு அடம்பிடிச்சு மூணு தடவ கவுத்தா. பனியில மல்லாந்து கெடந்து அவ சிரிச்ச சிரிப்புக்கு ஊர் நாயெல்லாம் சேந்து ஊளையிட்டுச்சு. அந்தச் சிரிப்பு நூக்குல ஒங்க வீட்டுலயும் கேக்குதுன்னா, ஒங்க பொண்ண நீங்களே வச்சுக்குங்க. கேக்கலைன்னா எங்களுக்குக் குடுத்துடுங்க.”

எனோக் கோப்பையைக் கீழே வைத்தான்.

“இதையே சொல்லு,” என்றான் பிறகு. “ஒரு வார்த்த மாத்தாத. கருவாட்ட மட்டும் விட்ரு.”

கப்பலின் சங்கு முழங்கியது. கப்பலில் கொடுத்த சிவப்பு ஜாக்கெட்டுகளைப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கரடி வீரனோடு தோள்மேல் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். வாசலில் குவிந்து கிடந்த பூட்ஸுகளில் தங்களுடையதைத் தேடிப் பிடித்து, நாய்களின் குரைப்புக்கு நடுவே படகுத்துறைக்கு இறங்கினார்கள்.

ஜப்பான்காரர்தான் கடைசி. அவசரமே இல்லாமல் பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. உதடுகளோ சிரிப்பை அடக்கத் திண்டாடின.

“நீங்க நூக்குக்கு அலைய வேணாம் சம்பந்தி,” என்றார், சுத்தமான கிரீன்லாந்து மொழியில். “எம் பொண்ணு கல்யாணத்த இங்கயே வச்சுக்கலாம்.”