தாவீது வாத்தியார் கொடுத்த கவர்

வார்டன் அம்மா கவரைக் கிழித்துக் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததும், தாளின் பின்பக்கம் மை ஊறித் தெரிந்த சிலுவை மரகதத்தின் கண்ணில் பட்டது.



எந்தக் கடிதம் எழுதினாலும் உச்சியில் ஒரு சிலுவையைப் போட்டுவிட்டுத்தான் சபைப் பள்ளிக்கூடத்துத் தாவீது வாத்தியார் ஆரம்பிப்பார். இது அவர் கொடுத்த கவர். சென்னையில் ஒரு மிஷன் கல்லூரிக்குப் போக வேண்டியது.

இந்த அறைக்கு வந்திருக்க வேண்டியது உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் கொடுத்த கவர்.

பி.யூ.சி. சேர மரகதத்துக்கு இரண்டு சிபாரிசுக் கடிதங்கள். மாணவி பிரித்துப் படித்துவிடக் கூடாது என்று இரண்டு பேருமே கவரை ஒட்டிக் கொடுத்தார்கள். என்ன எழுதியிருக்கிறோம் என்பதை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லியும் விட்டார்கள்.

தாவீது வாத்தியார் கடிதத்தில் அவள் எஸ்தர், ஞானஸ்நானம் பெற்ற சபைப் பிள்ளை. தலைமை ஆசிரியர் கடிதத்தில் அவள் மரகதம், இந்து ஆதிதிராவிடர்.

இரண்டும் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி, மற்ற நாட்களில் இன்னொருத்தி. வல்லத்தில் அவர்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் யாரும் சோறு போட்டுப் படிக்க வைக்கப் போவதில்லை.

காஞ்சிபுரத்து ஹரிஜனப் பெண்கள் விடுதி போடும். ஆனால் வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைக்கு அங்கே இலவச இடம் கிடையாது.

மிஷன் கல்லூரி சும்மா ஓர் ஆசைக்கு. இடம் கிடைத்தாலும் சம்பளம் கட்ட வக்கில்லை. இந்த விடுதி கிடைத்தால் படிப்பு. இல்லாவிட்டால் ஆடியில் நடவு, தையில் கல்யாணம். மாமன் மகன் இப்போதே மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறான்.

காஞ்சிபுரத்திலிருந்து வார்டன் அம்மாவே ஸ்ரீபெரும்புதூர் வந்து, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் உட்கார்ந்து மனு வாங்குகிறாள் என்று கேள்விப்பட்டுத்தான் அம்மாவும் பெண்ணும் காலையில் கிளம்பினார்கள். இங்கே கொடுத்துவிட்டு அப்படியே சென்னைக்குப் போய்விடலாம் என்பது அம்மா ராஜம்மாவின் கணக்கு. அவளுக்கு எழுத்து தெரியாது. மஞ்சள் பையில் இந்தப் பக்கம் ஒரு கவர், அந்தப் பக்கம் ஒரு கவர் என்று அடையாளம் வைத்திருந்தாள். பஸ் கூட்டத்தில் பை எத்தனை குட்டிக்கரணம் போட்டதோ.

இப்போது அவள் கையைக் கட்டிக்கொண்டு பூரித்துப் போய் நின்றிருந்தாள். தன் மகளைப் பற்றி நல்லவிதமாக எழுதியதை ஒரு பெரிய மனுஷி இவ்வளவு நேரம் படிக்கிறாளே.

வார்டன் அம்சவல்லி சிரிக்க மாட்டாள் என்று வெளியே வரிசையில் பேசிக்கொண்டார்கள். அகலமான குங்குமம், மடிப்புக் கலையாத புடவை, பிசிறில்லாத தமிழ். அவள் கடிதத்தை முடித்துவிட்டு மறுபடியும் தலையிலிருந்து படித்தாள். பிறகு நிமிர்ந்து மரகதத்தின் நெற்றியைப் பார்த்தாள்.

அன்று காலை பக்கத்து வீட்டுக் கங்கம்மாளிடம் வாங்கி ராஜம்மா வைத்துவிட்ட பொட்டு அது. வைத்துப் பழக்கமில்லாத கை. கொஞ்சம் கோணலாகவே உட்கார்ந்திருந்தது.

மரகதம் பொட்டைத் தொடப் போய்க் கையை இறக்கிக்கொண்டாள். ஏதாவது ஒரு பொய் சொல்லலாம்தான். சபையில் அது ஒன்றைத்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பக்கத்தில் குமாஸ்தா தாண்டவராயன் ஊசியும் நூலுமாகக் காத்திருந்தார். அவர் அந்தத் தாளை மனுவோடு சேர்த்துக் கோத்துவிட்டால் தீர்ந்தது கதை. அவர் கையை நீட்டினார்.

அம்சவல்லி கொடுக்கவில்லை.

"வேறு கவர் ஏதாவது வைத்திருக்கிறாயா அம்மா?" என்று ராஜம்மாவைக் கேட்டாள்.

"கீதும்மா. ஆனா அது வேற காலேஜிக்கு," என்று சொல்லிக்கொண்டே ராஜம்மா எடுத்துக் கொடுத்தாள். ஒருவருக்கு இரண்டு பேராகப் புகழ்ந்திருந்தால் நல்லதுதானே.

அம்சவல்லி அதைக் கிழித்தாள், ஒரு பார்வை பார்த்தாள், குமாஸ்தாவிடம் தள்ளினாள். அவர் முணுமுணுவென்று படித்துக் கோத்தார். மனுவின் ஓரத்தில் 'சேர்க்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை.

"அந்தக் கடுதாசிம்மா?" என்றார் தாண்டவராயன்.

"அது தவறி வந்தது. அடுத்த பெண்ணைக் கூப்பிடுங்கள்."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். எப்போது வந்து சேர வேண்டும், பாய் தலையணை கொண்டு வரணுமா என்று கேட்டுக்கொண்டே ராஜம்மா அவர் பின்னால் போனாள்.

அம்சவல்லி தாவீது வாத்தியாரின் கடிதத்தை நாலாக மடித்து மரகதத்தின் கைக்குள் வைத்து அழுத்தினாள். திட்டு விழப்போகிறது என்று மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தோ பாரு," என்றாள் வார்டன். இவ்வளவு நேரம் பேசிய தமிழ் எங்கேயோ போயிருந்தது. "ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு காஞ்சிபுரத்துல போயிடாத. யாராச்சும் பாத்துட்டா எழுதிப் போட்டுடுவாங்க. செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிடு."

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அங்க என்னப் பாத்தா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."