முடிவு பண்ணாத ஓட்டு

மாலை ஆறு மணிக்கு ஃபோன் அடித்ததும் செண்பகவல்லி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து எடுத்தாள்.

"வணக்கம் மேடம். மேயர் தேர்தல்ல மார்லீனுக்கு ஓட்டுப் போட முடிவு பண்ணிட்டீங்களா?"

அவள் கணவர் மாசிலாமணியின் குரல். சாவதற்கு முன் தன் குரலை மார்லீனின் பிரசாரத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தார். அமெரிக்காவில், ஜார்ஜியாவின் அந்த நகரத்தில் தமிழ் வீடுகளுக்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் வழியாக அவர்தான் பேசுகிறார். முடிவு பண்ணிவிட்டதாகச் சொன்னவர்களுக்கு மறுபடி அழைப்பு வராது.

"இன்னும் முடிவு பண்ணலைங்க," என்றாள், நாற்பது நாளாகச் சொல்வதுபோலவே.

அவர் சளைக்காமல் நூலகத்தைப் பற்றியும் பஸ் வசதி பற்றியும் எடுத்துச் சொன்னார். நடுநடுவே அவருடைய செருமல்கூட அப்படியே இருந்தது.

"நாளைக்கும் கூப்பிடுவீங்கள்ல?"

"நாளைக்குத் தேர்தல் மேடம். இதோட முடிஞ்சுது. யாருக்கும் பாதிக்கு மேல ஓட்டு விழலைன்னா டிசம்பர்ல மறுபடி தேர்தல் வரும். அப்போ கூப்பிடுவேன்."

"சாப்பிட்டீங்களா?"

"அதைப் பத்தி எங்கிட்ட தகவல் இல்லை மேடம்."

மார்லீன் சுலபமாக ஜெயித்துவிடுவார் என்றுதான் ஊரே பேசிக்கொண்டது. மறுநாள் வாக்குச்சாவடித் திரைமுன் செண்பகவல்லி வெகுநேரம் நின்றாள். மார்லீனை எதிர்த்து நிற்கும் மூன்று பேரில், நூலகத்தை மூடப்போவதாகச் சொல்லும் கிராண்டல் டிவியில் வந்தாலே மாசிலாமணி எழுந்துபோய் அணைத்துவிடுவார்.

"டிசம்பர்ல வந்து திட்டுங்க," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, கிராண்டலின் பெயர்மேல் விரலை வைத்து அழுத்தினாள்.